பீர் மெஷினில் இட்லி மாவு

"ஏன் தம்பி, வீட்டுல பீர் காய்ச்சறீங்களாமே?"

எதிர்வீட்டுப் பெரியவர் எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு, நாலு வீட்டுக்குக் கேட்கிற குரலில் ரகசியமாக விசாரித்தார். ரெவின்யூவில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டி ரிடையர் ஆனவர். அவர் கேட்டால் அது கேள்வி இல்லை, விசாரணை.

நான் இருந்த கோலமும் அப்படித்தான். லுங்கி, பனியன், வாயில் ஒரு ஸ்க்ரூ, கையில் டெஸ்டர். எதிரே தட்டுகளெல்லாம் கழற்றிய ஒரு கிழட்டு ஃபிரிட்ஜ். அதன் வயிற்றுக்குள் ஒரு 60 வாட் குண்டு பல்பு. தலைமேல் ஒரு சின்ன டப்பா; அதில் சிவப்பு எழுத்தில் 27.4 என்று மின்னிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு மூன்றாவது படிக்கும் என் பையன், போகிற வருகிறவர்களிடமெல்லாம், "எங்கப்பா பீர் மெஷின் செய்யறாரு" என்று செலவில்லாமல் விளம்பரம் செய்துகொண்டிருந்தான்.

"பீர் இல்லீங்கய்யா. இட்லி மாவு" என்றேன், ஸ்க்ரூவைத் துப்பிவிட்டு.

"இட்லி மாவுக்கு எதுக்குத் தம்பி கரண்ட்டு?"

நியாயமான கேள்வி. என் மனைவியும் ஒரு வாரமாக இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள், இத்தனை மரியாதை இல்லாமல்.

பதில் கொஞ்சம் நீளம். அம்மாவிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்பா போன மறுவருஷம், "சும்மா உட்கார்ந்திருந்தா மூட்டுதான் வலிக்குது" என்று அம்மா மாவு அரைத்து விற்க ஆரம்பித்தார். முதலில் பக்கத்து வீட்டு டீச்சருக்கு ஒரு கிலோ. பிறகு டீச்சரின் ஓரகத்திக்கு. இன்றைக்கு முப்பத்தொரு வீடு, தினம் பன்னிரண்டு கிலோ. நான் பி.காம். பட்டதாரி, பத்திரிகைகளுக்கு எழுதுகிறவன். எழுத்தில் வரும் பணம் விருந்தாளி மாதிரி. வந்தால் சந்தோஷம், எப்போது வரும் என்று கேட்கக் கூடாது. மாவுப் பணம் அப்படி இல்லை. அது ஒண்ணாம் தேதி வீட்டு வாடகையாகப் போய்விடும். ஆக, குடும்பத் தலைவர் யார் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் குழப்பம் கிடையாது.

மாவில் ஒரு வில்லங்கம் உண்டு. அரைப்பது கிரைண்டர். பொங்க வைப்பது ஊர்ச் சூடு. எங்கள் தர்மபுரியில் ஊர்ச் சூடு ஒரு சீராக இருக்காது. ஏப்ரலில் ராத்திரி பத்து மணிக்கும் எங்கள் சமையலறையில் 33 டிகிரி. மாவு நடுராத்திரியிலேயே பாத்திரத்தை விட்டு எழுந்து வெளிநடப்பு செய்யும். ஜனவரியில் அதே சமையலறையில் 19. விடிந்த பிறகும் மாவு ராத்திரி படுத்த மாதிரியே படுத்திருக்கும். அதனால் அம்மா ராத்திரி பதினொன்றுக்கு ஒரு தடவை, இரண்டுக்கு ஒரு தடவை, நாலரைக்கு ஒரு தடவை எழுந்திருப்பார். பனிக்காலத்தில் பாத்திரத்துக்குக் கம்பளி போர்த்தி அடுப்போரம் நகர்த்துவார். கோடையில் தண்ணீர் நிறைத்த அகலத் தொட்டியில் இறக்கி வைப்பார். அறுபத்து நாலு வயசில், வீங்கின முழங்காலோடு, ஆறு கிலோ பாத்திரம் இரண்டு.

ஒரு ஜனவரி ராத்திரி இரண்டு மணிக்கு 'டமால்' என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அம்மா தரையில் உட்கார்ந்திருக்கிறார். பாத்திரம் கையில் பத்திரமாக இருக்கிறது. "மாவு கொட்டலடா" என்றார், நான் எதையும் கேட்பதற்கு முன்பே.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் ஏதாவது செய்தாக வேண்டும்.

*

யோசனை வந்தது பெங்களூரிலிருந்து. தர்மபுரியிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். என்னோடு பி.காம். படித்த நண்பன் அங்கே, பீரைத் தாங்களே தயாரித்து அங்கேயே பரிமாறுகிற ஓட்டல் ஒன்றில் கணக்கு எழுதுகிறான். ஒரு வேலையாகப் போனபோது, "வாடா, எங்க தொட்டியெல்லாம் காட்டறேன்" என்று கூட்டிப்போனான்.

ஆளுயரத்தில் பளபளவென்று எவர்சில்வர் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு டிகிரி எண். "ஏல் வகை பீருக்குச் சுமாரா 18லேர்ந்து 22. லாகருக்கு 8லேர்ந்து 13. ரெண்டு டிகிரி தப்பினா ருசியே மாறிடும். இங்க பீர் செய்யறது மனுஷன் இல்லடா, ஈஸ்ட். மனுஷனோட வேலை அதுக்குச் சரியான சூட்டுல படுக்கை போட்டுக் குடுக்கறதுதான்" என்றான்.

எனக்குச் சட்டென்று அம்மா ஞாபகம் வந்தது. கம்பளியும் தொட்டித் தண்ணீருமாக அம்மா செய்வது இதேதானே!

நண்பன் மேலும் சொன்னான். பிரிட்டனில் 1963லிருந்து வீட்டிலேயே பீர் செய்துகொள்ள லைசென்ஸ் வேண்டாம். அமெரிக்காவில் 1978ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டு அனுமதித்தார். அங்கெல்லாம் இதுவே ஒரு பொழுதுபோக்கு. பழைய ஃபிரிட்ஜ் ஒன்று வாங்குவார்கள். உள்ளே சூட்டுக்கு ஒரு பல்பு. நடுவில் ஒரு கண்ட்ரோலர். சூடு குறைந்தால் பல்பு எரியும், கூடினால் ஃபிரிட்ஜ் ஓடும். அவ்வளவுதான் மெஷின்.

ஊருக்குத் திரும்பி வந்ததும் பெரியவரிடம் இதையெல்லாம் விளக்கினேன். அவர் பீர் என்ற வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இது என்ன மண்ணு தெரியுமா? 1937 அக்டோபர் ஒண்ணாம் தேதி ராஜாஜி மதுவிலக்கை முதல் முதல்ல கொண்டுவந்தது சேலம் ஜில்லாவுல. அப்ப தர்மபுரி சேலம் ஜில்லாதான். நாம தனி மாவட்டம் ஆனது 1965லதான். அவர் பிறந்த தொரப்பள்ளியே ஓசூர் பக்கம். இந்த மண்ணுல உட்கார்ந்து பீர் மெஷின் செய்யறீங்களே!"

சரித்திரம் சரிதான். சட்டமும் சரிதான். மதுக்கடைகளை 2003லிருந்து அரசாங்கமே நடத்துகிறது என்றாலும், தனி மனிதன் வீட்டில் ஒரு பாட்டில் பீர் செய்தால் அதே 1937ம் வருஷத்துச் சட்டம் வந்து கதவைத் தட்டும். ஆனால் உளுந்துக்கும் அரிசிக்கும் இதுவரை மதுவிலக்கு கிடையாது. இட்லி மாவைப் பொங்க வைப்பது லூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவும் அதன் பங்காளிகளும். அவை உண்டாக்குகிற வாயுதான் இட்லிக்குப் பஞ்சுத்தனம், அமிலம்தான் புளிப்பு. அவற்றுக்குப் பிடித்த சூடு கிட்டத்தட்ட 30 டிகிரி. அதைவிடக் குறைந்தால் சோம்பல். ரொம்பக் கூடினால் புளிப்பு பொங்கலை முந்திக்கொள்ளும்.

"பீர்க்காரங்க இல்லேன்னா உங்க வீட்டு ஃபிரிட்ஜே இருந்திருக்காதுங்கய்யா" என்று அவரை மடக்கினேன். இது நிஜம். ஜெர்மனியின் பவேரியாவில், கோடையில் செய்த பீர் கெட்டுப்போகிறது என்று 1553ல் ஒரு உத்தரவே போட்டார்கள்: ஏப்ரல் 23லிருந்து செப்டம்பர் 29 வரை யாரும் பீர் காய்ச்சக் கூடாது! முந்நூறு வருஷம் கழித்து, 1870களில், கார்ல் ஃபான் லிண்டே என்ற பேராசிரியர் குளிர்விக்கும் மெஷினைச் செய்தபோது அதற்கு இடமும் பணமும் கொடுத்து ஆதரித்தது ம்யூனிக்கின் ஸ்பாட்டன் பீர் கம்பெனி. பள்ளிக்கூடத்தில் நம்மைப் படாத பாடு படுத்தின ஜூல், வெப்பத்தை நுணுக்கமாக அளந்தாரே, அவர் ஒரு பீர் ஆலைக்காரரின் மகன். வேதியியல் லாபில் நாம் கலர் பார்த்த பி.ஹெச். அளவைக்கூட 1909ல் கண்டுபிடித்தது கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆராய்ச்சிச்சாலையில்தான்.

பெரியவர் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "அப்ப பீர்தான்னு சொல்றீங்க" என்றார்.

*

பி.காம். படித்தவன் கரண்ட்டில் கை வைத்தால் என்ன ஆகும்? முதலில் பட்ஜெட் போடுவான். பற்று: பழைய சாமான் கடையில் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், 165 லிட்டர், கம்ப்ரெஸர் ஓடும், அழகு கிடையாது - ரூ. 2,500. எஸ்.டி.சி-1000 என்ற கண்ட்ரோலர் - ரூ. 650. ஒயர், பிளக், ஹோல்டர், பெட்டி வகையறா - ரூ. 480. வரவு: பூஜ்யம். வித்தியாசத்துக்கு மனைவியின் முறைப்பு.

அந்தக் கண்ட்ரோலர் ஒரு தீப்பெட்டிப் பாக்கெட் அளவு. அதிலிருந்து கறுப்பு வால் மாதிரி ஒரு சென்ஸார் நீண்டிருக்கும். வால் நுனியில் ஒரு மணி. சூடு ஏற ஏற அந்த மணியின் மின்தடை குறையும். அதை வைத்து டப்பா டிகிரியைக் கணக்குப் பண்ணும். உள்ளே இரண்டு ரிலே. ரிலே என்றால் பயந்துவிடாதீர்கள். ஆபீசில் மேனேஜர் கண்ணைக் காட்டினால் பியூன் ஓடிப்போய்க் கதவைத் திறப்பார் அல்லவா? மேனேஜர் எழுந்திருக்க மாட்டார். அதே மாதிரி டப்பாவின் சின்னக் கரண்ட் கண்ணைக் காட்டும், ரிலே பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும். ஒரு பியூன் பல்புக்கு, ஒரு பியூன் ஃபிரிட்ஜுக்கு.

நான் ஒயரையெல்லாம் மாட்டிவிட்டு, சுவிட்சைப் போடும் முன் நல்ல புத்தி வந்து தெருமுனை எலெக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் பார்த்தான். எல்லாவற்றையும் கழற்றினான்.

"அண்ணே, ஃபேஸை விட்டுட்டு நியூட்ரலைக் கட் பண்ணி வச்சிருக்கீங்க. பல்பு அணைஞ்சிருக்கும், ஹோல்டர்ல கரண்ட் இருக்கும். அம்மா ஈரக் கையோட தொடறாங்கன்னு வைங்க..." மேலே சொல்லவில்லை. தொடவும் விடவில்லை. எர்த் ஒயர் கொடுத்தான். கரண்ட் கசிந்தால் தானே விழுகிற ஒரு டிரிப் சுவிட்ச் போட்டான். பல்பு ஃபிரிட்ஜின் பிளாஸ்டிக்கை உருக்காமல் இருக்க, அதை ஒரு தகர டப்பாவுக்குள் உட்கார வைத்தான். டெபிட்டையும் கிரெடிட்டையும் மாற்றி எழுதினால் டிரையல் பாலன்ஸ்தான் உதைக்கும். இதில் ஆளையே உதைக்கும். நண்பர்களே, நீங்களும் செய்வதாக இருந்தால் ஒயரிங் மட்டும் தெரிந்தவர் கையில் விடுங்கள்.

பிறகு அவன் டப்பாவின் பட்டன்களைச் சொல்லிக் கொடுத்தான். மொத்தம் நாலு விஷயம். முதலாவது, எத்தனை டிகிரி வேண்டும்: 30. இரண்டாவது, வித்தியாசம்: 1. அதாவது 29க்கு இறங்கினால் பல்பு எரியும், 30 வந்ததும் அணையும்; 31க்கு ஏறினால் ஃபிரிட்ஜ் ஓடும், 30 வந்ததும் நிற்கும். நடுவில் கண்டும் காணாமல் இருக்கும். மூன்றாவது, கம்ப்ரெஸருக்கு ஓய்வு: 3 நிமிஷம். நின்ற கம்ப்ரெஸரை உடனே கிளப்பக் கூடாது. உள்ளே ஒரு பக்கம் அழுத்தம் ஏறியிருக்கும், அது இறங்கிச் சமமாகும்வரை காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் திணறும். (இதைக் கேட்டு என் மனைவி, "மனுஷங்களுக்கும் இப்படி ஒரு பட்டன் இருந்தா நல்லா இருக்கும்" என்றாள்.) நாலாவது, அளவுத் திருத்தம். "அது தேவைப்படாதுண்ணே" என்றான். அந்த நாலாவதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

*

முதல் ராத்திரி. இரண்டு பாத்திரம், பன்னிரண்டு கிலோ. சென்ஸாரை ஃபிரிட்ஜின் நடுவில் தோரணம் மாதிரி தொங்கவிட்டேன். டப்பா 30 காட்டியது. "அம்மா, நீ நிம்மதியாத் தூங்கு" என்று சினிமா வசனம் பேசிவிட்டுப் படுத்தேன்.

காலையில் மாவு அசையவே இல்லை. டப்பாவில் என்னவோ ஜம்மென்று 30.2. அம்மா விரலை விட்டுப் பார்த்து, "ஜில்லுனு இருக்குடா சாமி" என்றார். முப்பத்தொரு வீட்டுக்கும் அன்று இட்லி கிடையாது. "தோசைக்கு ஆகும், காசு வேண்டாம்" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பதில் பாலக்கோடு பக்கமிருந்து வந்தது. அங்கே எங்கள் மாமா ஒருவர் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறார். எங்கள் மாவட்டத்தில் பட்டு பெரிய பிழைப்பு. கூடுகளை ஏலம் விட தர்மபுரியில் தனி அங்காடியே உண்டு. மாமா கூடு போட வந்தவர், வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டே என் மெஷினைச் சுற்றி வந்தார்.

"மாப்ளே, மணியை எங்க தொங்கவிட்டிருக்கே?"

"நடுவுல, மாமா."

"நடுவுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை. காத்து."

"அப்ப காத்தோட சூடுதானே அதுக்குத் தெரியும்? மாவு எத்தனை சூடுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

மாமா எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் இளம்புழுவுக்கு 27, 28 டிகிரி வேண்டும், நல்ல ஈரப்பதம் வேண்டும், வளர்ந்த புழுவுக்கு 24, 25 போதும், காற்றோட்டம் வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தாய்ப்பாஷை மாதிரி. கோடையில் ஜன்னலுக்கு ஈரச் சாக்கு, பனியில் கரியடுப்பு. "நான் முதல் வருஷம் தெர்மாமீட்டரைச் சுவத்துல மாட்டி வச்சு ஒரு பேட்ச்சே போச்சு. சுவத்துல மாட்டினா சுவரோட சூடுதான் தெரியும். புழு இருக்கற தட்டுல வைக்கணும்" என்றார்.

நடந்தது அதுதான். பல்பு எரிந்ததும் காற்று சட்டென்று சூடாகிவிடும். உடனே டப்பா 'போதும்' என்று அணைத்துவிடும். தகர டப்பாவின் மிச்சச் சூட்டில் காற்று 31ஐத் தாண்டினால் ஃபிரிட்ஜ் ஓடும். காற்று குளிர்ந்ததும் மறுபடி பல்பு. ராத்திரி பூராவும் பல்பும் கம்ப்ரெஸரும் சண்டை போட, பன்னிரண்டு கிலோ மாவு இதில் சம்பந்தமே இல்லாமல் நடுவில் தூங்கியிருக்கிறது. காற்று ஐந்து நிமிஷத்தில் சூடாகும். மாவு அப்படி இல்லை. அத்தனை கிலோவை 19லிருந்து 30க்கு ஏற்ற 60 வாட் பல்புக்குக் காகிதக் கணக்கில் இரண்டு மணி நேரம் ஆகும், நிஜத்தில் நாலு.

மணியைப் பாத்திரத்தின் பக்கவாட்டில் வைத்து, மேலே துணி மடித்து டேப் ஒட்டினேன். காற்றை மறந்து மாவைக் கவனி என்று அதற்குச் சொல்லியாயிற்று. அடுத்த நாள் மாவு பொங்கியது. அதற்கடுத்த நாளும். வெற்றி என்று நான் பனியனுக்குள் நெஞ்சை நிமிர்த்திய நாலாவது ராத்திரி, ஈரத்தில் டேப் விட்டுப்போய் மணி நழுவி, பின்பக்கம் சில்லென்ற சுவரில் போய்ச் சாய்ந்துகொண்டது. அதற்கு ஊரெல்லாம் குளிர். பல்பை விடிய விடிய எரியவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் புளித்த வாடை தெருவுக்கே போனது. மாவு பொங்கி வழிந்து, தகர டப்பாமேல் தோசையே சுட்டு வைத்திருந்தது. அன்றைக்குப் பார்த்து ஒரு வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள், மூன்று கிலோ ஆர்டர்!

எதிர்வீட்டுப் பெரியவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஆயிடுச்சு போல" என்றார்.

அம்மா பக்கத்துத் தெருவுக்கு நடந்துபோய், அங்கே மாவு விற்கிற இன்னொரு அம்மாளிடம் காசு கொடுத்து மூன்று கிலோ வாங்கி, அந்தப் பெண் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பி வந்து, "ஃபிரிட்ஜைப் பழைய கடையிலேயே போட்டுடலாம்மா" என்று உட்கார்ந்திருந்த என்னிடம், "மணியைக் கயிறு போட்டுக் கட்டுடா. டேப்பு ஈரத்துல நிக்குமா?" என்றார்.

கயிறு போட்டுக் கட்டினேன்.

*

நாலாவது பட்டனுக்கு வருகிறேன்.

ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆனால் அம்மா முகத்தில் ஒரு திருப்தி இல்லை. "லேசாப் புளிப்பு தூக்கலா இருக்கு" என்றார். எனக்குத் தெரியவில்லை. மனைவிக்கும் தெரியவில்லை. அன்று ராத்திரி அம்மா பாத்திரத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"எத்தனை காட்டுது?"

"முப்பதும்மா."

"முப்பதுன்னா என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா நீ கேட்டது மார்கழியில அடுப்போரம் வைக்கற சூடு. இது அது இல்ல. இது சித்திரைச் சூடு."

"மெஷின் தப்பாச் சொல்லுமாம்மா?" என்று சிரித்தேன். சிரித்தேனே தவிர மனசு கேட்கவில்லை. எலெக்ட்ரீஷியன் தம்பியைக் கேட்டேன். "ஐஸைப் பொடி பண்ணித் தண்ணியில போட்டுக் கலக்கி, மணியை அதுல விடுங்கண்ணே. உருகற ஐஸ் எந்த ஊர்லயும் பூஜ்யம்தான்" என்றான். விட்டேன். ஐந்து நிமிஷம் கழித்து டப்பாவில் நின்ற எண்: மைனஸ் 2.3.

அதாவது டப்பா 2.3 டிகிரி குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. அது 30 என்றபோதெல்லாம் மாவு உண்மையில் 32க்கு மேல். சித்திரைதான்!

நாலாவது பட்டனில் 2.3ஐக் கூட்டினேன். கம்பெனி அனுப்பிய மெஷினை அம்மாவின் புறங்கை திருத்திவிட்டது. நான் ஒரு தெர்மாமீட்டர் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். தெர்மாமீட்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்திருக்கிறது. நான் செய்ய வேண்டியிருந்தது, அது ராத்திரியில் எழுந்திருக்காமல் இருக்க ஒரு வழி, அவ்வளவுதான்.

இப்போது நாலரைக்கு மட்டும் எழுந்தால் போதும். மாவை ஒரு சிட்டிகை கிள்ளித் தண்ணீர் டம்ளரில் போடுவார். மிதந்தால் சரி. 30ஐ 5 என்று மாற்றிவிடுவார். ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பிக்கும். உடனே 5 வந்துவிடாது. ஆனால் புளிப்பின் ஓட்டம் மெள்ள மெள்ள அடங்கி, சாயங்கால விற்பனைக்கும் அதே ருசி நிற்கும். பட்டன் மாற்ற எனக்கு மூன்று நாள் ஆயிற்று, கையில் விளக்கப் புத்தகத்தோடு. அம்மா ஒரே காலையில் கற்றுக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நானே கைதட்டியிருப்பேன்.

போன மாசம் ஒரு ராத்திரி எனக்கு விழிப்பு வந்தது. இரண்டு மணி. மணி நழுவியிருக்குமோ என்ற பயம். அந்த விபத்துக்குப் பிறகு இது எனக்கு வியாதி. மெள்ள எழுந்து சமையலறைக்குப் போனேன். விளக்கு போடாமல், ஃபிரிட்ஜுக்கு எதிரே ஸ்டூலில் அம்மா உட்கார்ந்திருந்தார். சிவப்பு வெளிச்சத்தில் முகம் மட்டும் தெரிந்தது. டப்பாவில் 29.8.

"ஏம்மா, இனிமே எழுந்திருக்க வேண்டாம்னுதானே இத்தனை பாடு?"

"மாவுக்காக எழுந்திருக்கலடா கண்ணு. உங்கப்பாவுக்கு ரெண்டு மணிக்கு ஒரு மாத்திரை உண்டில்ல? ரெண்டு வருஷம் குடுத்தேனே. அப்புறம் மாவு வந்துது, அதைப் பார்த்துட்டுப் படுத்துக்குவேன். இப்ப ரெண்டுமே இல்ல. முழிப்பு மட்டும் வருது."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் ராத்திரி எழுந்தது மாவுக்காக மட்டும்தான் என்று ஃபிரிட்ஜ், பல்பு, ரிலே எல்லாம் வாங்கிக் கணக்கு எழுதியவன் நான். இது எந்தப் பக்கத்தில் வரும் என்று தெரியவில்லை.

பக்கத்தில் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அப்பாவைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். ரொம்ப நாளாகப் பேசியிருக்கவில்லை. கம்ப்ரெஸர் ஒரு தடவை 'டொக்' என்று கிளம்பி, ஓடி, நின்றது. அம்மா எழுந்து, கதவைத் திறந்து, பழக்கத்தில் பாத்திரத்தில் புறங்கையை வைத்தார்.

"சரியா இருக்கு."

"மெஷினைச் சொல்றியா, என்னைச் சொல்றியாம்மா?"

"மாவைச் சொல்றேன். கதவை மூடு, சூடு போயிடும்" என்று சொல்லிவிட்டு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே படுக்கப் போனார்.

இப்போதெல்லாம் வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரி அந்த ஸ்டூல்கள் நிறைந்துவிடுகின்றன. எதிர்வீட்டுப் பெரியவர் நேற்று கேட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"ஏன் தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க வீட்டுல சிவப்பு லைட்டு, பேச்சு சத்தம்... நிஜமாவே இட்லி மாவுதானா?"